சிறிசின் மூக்கில் ஒரு குமிழி

பெரிசு கிண்ணத்துக்குள் நிற்க மாட்டேன் என்கிறது. முன்னங்கால் இரண்டையும் விளிம்பில் போட்டு ஏறப் பார்க்கிறது. அது அசைகிற வரை தராசில் எண் நிற்காது. எண் நிற்கிற வரை டிகிரி அக்கா மூச்சு விட மாட்டாள். அறுபத்திரண்டு, அறுபத்து நாலு, அறுபத்து மூன்று. நின்றுவிட்டது. நேற்றைவிட ஒரு கிராம் கூட. அக்கா மூச்சை விட்டு, சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் அன்றைய கட்டத்துக்குள் பென்சிலால் எழுதுகிறாள். எழுதிய பிறகும் ஒரு தரம் தராசைத் திரும்பிப் பார்த்துக்கொள்கிறாள், அது சொன்ன சொல்லை மாற்றிவிட்டதோ என்று.

அடுத்தது சிறிசு. சிறிசு அடம் பிடிக்காது. வைத்த இடத்தில் வைத்தபடி, கழுத்தைப் பாதி நீட்டி, அக்காவின் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருக்கும். ஐம்பத்தொன்று. அதையும் எழுதியாயிற்று.

ஆமைக்குஞ்சுகள் இரண்டுக்கும் வயது எட்டு மாதம். பெரிசு ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம், சிறிசு அந்தத் தீப்பெட்டிதான். ஆணா பெண்ணா என்று தெரிய இன்னும் சில வருடங்கள் ஆகுமாம். அதனால்தான் அது, இது. எடை முடிந்ததும் ஆளுக்கொரு தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர், தாடை நனைகிற அளவு. கால் மணி நேரம் அதில் நிற்கும். அந்தக் கால் மணி நேரமும் அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து பரிசோதனை நடத்துவாள். "கண்ணு தெறந்திருக்கா, தெறந்திருக்கு. வீக்கம் இல்ல. மூக்கு காஞ்சிருக்கா, காஞ்சிருக்கு. வாயோரம் நுரை இல்ல. பின்னாடி சுத்தமா இருக்கு. ஓடு..." ஓட்டின் விளிம்பை விரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பாள். நகம்போல விறைப்பாக இருக்க வேண்டும். அமுங்கினால் சுண்ணாம்புச் சத்து போதவில்லை. "...ஓடும் சரியா இருக்கு. அப்பாடா, இன்னிக்கு விட்டுட்டே." யார் விட்டார்கள், எதை விட்டார்கள் என்று சொல்ல மாட்டாள். தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு அவளைப் பிடிக்க யாரோ வருகிற மாதிரியும், அன்றைக்கு மட்டும் மனம் இரங்கித் திரும்பிப் போகிற மாதிரியும்தான் அந்தக் குரல் இருக்கும்.

பயப்படுவதில் அக்காவுக்கு ஓய்வு ஒழிச்சல் கிடையாது. அடுப்பை அணைத்தோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருவாள். பூட்டை இழுத்துப் பார்த்த சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் விழித்துக்கொள்வார். தொலைபேசி மணி அடித்தால் எடுப்பதற்கு முன்பே "யாருக்கு என்ன?" என்று கேட்டுவிடுவாள். லிஃப்டில் ஏற மாட்டாள். பாலத்தின் மேல் பஸ் போகும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள்.

உலகத்தில் ஒரே ஒரு விஷயத்தில்தான் அவளுக்குப் பயமே கிடையாது. அது அவளுடைய கை.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் இருபத்தொரு வருடமாக வேலை. துவைத்த படுக்கை விரிப்புகள் கொதிக்கும் உருளைகளுக்கு நடுவே நசுங்கி, விறைத்து, ஆவி பறக்க வெளியே வரும் இடத்தில் நிற்பவள் அவள். வருகிற விரிப்பின் இரண்டு நுனியையும் வெறுங்கையால் பிடித்து இழுத்து மடிப்பு மேஜையில் எறிய வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இரண்டாவது விரிப்பிலேயே "ஆ" என்று கையை உதறுவார்கள். அக்கா நுனியைத் தொட்ட மாத்திரத்தில் "நூத்தி அறுபத்தஞ்சு. கொஞ்சம் கொறைங்க" என்பாள். மெஷின்காரர் எட்டி டயலைப் பார்ப்பார். முள் நூற்று அறுபத்தைந்தில் நிற்கும். டிகிரி அக்கா என்ற பெயர் வந்தது அப்படித்தான். விவரம் தெரியாதவர்கள் அக்கா பெரிய படிப்புப் படித்தவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு லீவு விண்ணப்பம் எழுதித் தரச்சொல்லி வருவார்கள். எட்டாவதோடு நின்றவள் அவள். ஆனாலும் எழுதித் தருவாள்.

ஆமைகள் வந்ததும் அங்கிருந்துதான். மடிப்பு மேஜையில் எதிரே நின்ற மூத்த அம்மா ஓய்வுபெற்று மகள் வீட்டுக்குப் போனார். முறையான அனுமதிச் சீட்டோடு அவர் வளர்த்த பெரிய ஆமைகள் இரண்டையும் மகள் ஏற்றுக்கொண்டாள். குஞ்சுகளை மாட்டேன் என்றுவிட்டாள். "ஒன்னை மாதிரி பயப்படற ஆளுகிட்டதான் இதுங்களைக் குடுக்கணும். தைரியசாலி கொன்னுடுவான்" என்று சொல்லி அந்த அம்மா இரண்டையும் அக்காவின் உள்ளங்கையில் வைத்தார். வைத்தது அக்காவுக்குத் தெரியவே இல்லை. குனிந்து பார்த்துத்தான் கையில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துகொண்டாள்.

கூடவே நாலு பக்கம் கையால் எழுதிய குறிப்பு. தினமும் வெந்நீர்க் குளியல். பகலில் சூட்டு விளக்கு, வெயிலுக்குப் பதிலாக இன்னொரு விளக்கு. இரவுக்கு வெளிச்சம் வராத ஹீட்டர். செம்பருத்தி இலை, முசுக்கொட்டை இலை, கீரை. பழம் கூடாது, ரொட்டி கூடவே கூடாது. இலைமேல் ஒரு சிட்டிகை சுண்ணாம்புச் சத்துப் பொடி. தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. ஈரமும் குளிரும் சேர்ந்தால் எமன். அக்கா அதை வரி வரியாக மனப்பாடம் செய்தாள். 'தெர்மாமீட்டர் இரண்டு வாங்கு' என்ற ஒரு வரியை மட்டும் சிரித்துக்கொண்டே தாண்டிப் போனாள். "எனக்கெதுக்கு?"

வீட்டில் இன்னொரு ஆள் உண்டு, நாத்தனார். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். அக்கா கல்யாணமாகி வந்தபோது அவளுக்குப் பதினோரு வயது. இப்போது நாற்பத்து மூன்று. அக்கா இன்னமும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். அக்காவின் கணவர், அதாவது பாப்பாவின் அண்ணன், கட்டடங்களுக்கு வண்ணம் அடிக்கிறவர். இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவரைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதில்லை. சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை. நாத்தனாருடைய தையல் மெஷினுக்கும் ஆமைப் பெட்டிக்கும் நடுவே இரண்டு முழம்தான். பழைய புத்தக அலமாரியை மல்லாக்கப் போட்டு, மண்ணும் மரத்தூளும் பரப்பிச் செய்த பெட்டி. "கல்லுக்குக் கம்பளி போத்தற கதையா இருக்கு அண்ணி" என்று மெஷினை மிதித்தபடியே சொல்வாள். அவற்றை ஒரு நாளும் தொட்டதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தராசு நாற்பத்தெட்டு என்றது.

சிறிசு முந்தின நாள் ஐம்பது. அதற்கு முந்தின நாள் ஐம்பத்தொன்று. அக்கா கிண்ணத்தை எடுத்துத் துடைத்து, சுழியத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி வைத்தாள். நாற்பத்தெட்டு. தராசை ஜன்னல் பக்கத்திலிருந்து எடுத்துத் தரையில் வைத்துப் பார்த்தாள். நாற்பத்தெட்டு. பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். சிறிசின் ஒரு கண் திறந்திருந்தது, மற்றொன்று ஒட்டிக்கொண்டு பாதி மூடியிருந்தது. கழுத்தை முழுவதும் நீட்டி, வாயைத் திறந்து, எதையோ சொல்ல வந்து மறந்துவிட்ட மாதிரி நின்றது. வாயை மூடியபோது இடது மூக்கில் ஊசி முனையளவு ஒரு நீர்க்குமிழி வந்தது. வீங்கியது. உடைந்தது. மறுபடி வந்தது.

"ஒண்ணுமில்ல" என்றாள் அக்கா, குஞ்சைப் பார்த்து. "தண்ணி குடிச்சிருக்கும். அதான்."

ஆனால் அது இன்னும் தண்ணீரில் இறங்கவே இல்லை.

பெரிசை எடுத்து வேறு டப்பாவில் போட்டாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். பெரிசின் மூக்கைப் பார்த்தாள். காய்ந்திருந்தது. மறுபடி பார்த்தாள். தொலைபேசியை எடுத்து சலவைக்கூட மேற்பார்வையாளரிடம் "இன்னிக்கு நான் வரல சார்" என்றாள். ஏன் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். "வீட்டுல உடம்பு சரியில்ல சார், சின்னதுக்கு" என்றாள்.

நாத்தனாரின் மெஷின் நின்றது.

"லீவா? நீங்களா?"

"மூக்குல தண்ணி வருது பாப்பா. வாயத் தெறந்து மூச்சு விடுது. எழுதிக் குடுத்த தாள்ல இருக்கு, இது வந்தா ஒரு நாள்கூட..."

"ஆமைக்கு லீவு."

"பாப்பா."

"எங்க அண்ணன் நாலு மாசம் இருமினாரே." நாத்தனார் எழுந்து நின்றுவிட்டாள். குரல் ஏறவில்லை, இறங்கியது. "நாலு மாசம். அப்ப எத்தன நாள் லீவு போட்டீங்க அண்ணி? அவரை ஒரு நாளாவது எடை..."

அதற்கு மேல் சொல்லவில்லை. சொன்ன வரைக்கும் போதுமானதாக இருந்தது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வருடமாக அந்த வீட்டில் நடமாடிக்கொண்டிருந்த கேள்வி அன்றைக்குத்தான் வாய் திறந்து பேசியது. அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தாள், துணி விரித்தாள், சிறிசை உள்ளே வைத்தாள். மூடி பொருந்தாமல் மூன்று தரம் நழுவியது.

நாலாவது தரம் மூடியை வாங்கிப் பொருத்தியது நாத்தனார். சமையலறைக்குப் போய் ஒரு பாட்டிலில் வெந்நீர் பிடித்து, துண்டில் சுற்றிக் கொண்டுவந்து பெட்டிக்குள் ஒரு ஓரமாக வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். "வாங்க" என்றாள். அவ்வளவுதான்.

முதல் மருத்துவர் நாய், பூனைகளுக்கானவர். நல்ல மனிதர். பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "தெரியாத வைத்தியத்த நான் செய்யக் கூடாதும்மா. இதுங்க தெரிஞ்சவங்க ஒருத்தங்க இருக்காங்க, போங்க" என்று ஒரு முகவரி எழுதித் தந்தார். இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டாவது பஸ் பாலத்தின் மேல் ஏறியபோது அக்கா கண்ணை மூடவில்லை. மடியில் இருந்த பெட்டியின் காற்றுத் துளைகள் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டே வந்தாள். ஜன்னல் காற்று படாமல் நாத்தனார் தன் உள்ளங்கையைப் பெட்டியின் பக்கவாட்டில் அணை போல வைத்துக்கொண்டு வந்தாள்.

அந்த மருத்துவர் ஒரு குள்ளமான பெண்மணி. நெற்றியில் பூதக்கண்ணாடி தொங்கியது. சிறிசை எடுத்த விதத்திலேயே அக்காவுக்குப் பாதி உயிர் வந்தது. ஈரத்துணி ஒன்றை ஓட்டின் மேல் போட்டு, அதன் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, கண்ணை மூடி வெகுநேரம் கேட்டார். வாசலில் ஒரு நாய் விடாமல் குரைத்துக்கொண்டிருந்தது. அதை வாயை மூடச் சொல்ல வேண்டும் போல அக்காவுக்கு ஆத்திரமாக வந்தது.

"நெஞ்சில சளி" என்றார் மருத்துவர். "எத்தன நாளா இருக்கு?"

"இன்னிக்குக் காலைலதான் டாக்டர். தினம் பாக்கறேன். தினம் எடை போடறேன்."

"இன்னிக்குக் காலைலதான் தெரிஞ்சுது. இருக்கறது ரெண்டு வாரமாவது இருக்கும். இதுங்க நோயைக் காட்டிக்காது. கடைசி வரைக்கும் மறைச்சு வெச்சுக்கும்." கழுத்தை மெல்ல இழுத்து வாய்க்குள் பார்த்தார். "இன்னொண்ணு, இதுக்கு இருமத் தெரியாது. நமக்குன்னா இருமித் துப்பிடலாம். இதுக்கு உள்ளயேதான் தங்கும்."

அக்காவும் நாத்தனாரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க இருவரும் சிரமப்பட்டார்கள்.

"ராத்திரிக்கு என்ன சூடு குடுக்கறீங்க?"

"ஹீட்டர் இருக்கு டாக்டர். வெளக்க அணைச்சதும் அதுமேல கைய வெச்சுப் பாத்துட்டுத்தான் படுக்கப் போவேன். இருபத்தாறு டிகிரி."

"தெர்மாமீட்டர்ல?"

"கையில" என்றாள் அக்கா. அந்த ஒரு சொல்லில் மட்டும் அவள் குரல் நிமிர்ந்திருந்தது.

மருத்துவர் பூதக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு அவளைப் பார்த்தார். "என்ன வேலை பாக்கறீங்க?" சொன்னாள். மருத்துவர் அவளுடைய வலக்கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ரேகைகள் தேய்ந்து, தோல் பளபளவென்று இறுகிப்போன உள்ளங்கை. எழுந்து போய்க் குழாயடியில் இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் பிடித்து வந்தார். "ரெண்டையும் பிடிங்க. எது சூடு?"

அக்கா பிடித்தாள். இடது. இல்லை, வலது. டம்ளர்களைக் கை மாற்றிப் பிடித்தாள். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. எதிரே நின்ற நாத்தனார் ஒரு டம்ளரை விரல் நுனியால் தொட்டாள், மற்றொன்றைத் தொட்டாள், சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். அவள் முகம் மாறியதிலிருந்து இரண்டும் ஒன்றில்லை என்று அக்காவுக்குத் தெரிந்தது.

"பெரிய சூடு உங்க கைக்குத் தெரியும். சின்னச் சூடு தெரியாது" என்றார் மருத்துவர், தணிந்த குரலில். "உங்க தப்பு இல்ல. ஆனா இனிமே கைய நம்பாதீங்க."

தெரு, பஸ், படிக்கட்டு எதுவும் அக்காவின் கண்ணில் படவில்லை. வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் செய்த முதல் காரியம் இரவு ஹீட்டரைப் போட்டது. கால் மணி நேரம் கழித்து அதன் மேல் கையை வைத்தாள். அரை மணி நேரம் கழித்து மறுபடி வைத்தாள்.

"அண்ணி, இது செத்துப் போயிருக்கு."

பகல் விளக்கின் சூடு அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் ஹீட்டரின் தகட்டில் தங்கியிருக்கும். அந்த மிச்சத்தைத்தான் அக்கா ஒவ்வொரு நாளும் தொட்டுவிட்டு இருபத்தாறு என்று சொல்லிக்கொண்டு படுத்திருக்கிறாள். எத்தனை நாளாக என்று யாருக்குத் தெரியும். பெரிசு தாக்குப் பிடித்தது. சிறிசு ஈர மண்ணில் குளிரில் கிடந்திருக்கிறது. அக்கா தன் கைகளை மடியில் மல்லாக்கப் போட்டு, யாரோ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போன சாமான்களைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருத்துவர் முதல் ஊசியை அங்கேயே போட்டுவிட்டார். மீதி நாலும் சின்னஞ்சிறு ஊசிக்குழல்களில் மருந்தேற்றி ஃப்ரீசரில் வைக்கக் கொடுத்திருந்தார். மூன்று நாளைக்கு ஒன்று. இரவும் பகலும் குறையாத சூடு. இரண்டு வேளைக் குளியல். பெரிசோடு சேர்க்கக் கூடாது. "ரெண்டு வாரத்துக்குள்ள அது தானா தின்னணும். இல்லன்னா குழாய் வெச்சு ஊட்டணும். இவ்வளவு சின்ன உயிருக்கு அது..." என்று சொல்லி முடிக்காமல் விட்டிருந்தார். அக்காவுக்கு அந்த முடிக்காத வாக்கியம்தான் அடுத்த இரண்டு வாரமும் சோறும் தண்ணீரும்.

புது ஹீட்டர் வந்தது. தெர்மாமீட்டர் ஐந்து வந்தன. பெட்டியின் நாலு மூலைக்கும் ஒன்று, குளியல் தட்டுக்கு ஒன்று. ஐந்தும் ஐந்து விதமாகக் காட்டியதில் புதுப் பயம் ஒன்று பிடித்துக்கொண்டது. நாத்தனார்தான் அவற்றை ஒரே டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்த்து, பொய் சொன்ன இரண்டைத் தனியே எடுத்து வைத்தாள்.

இரண்டாவது ஊசி அன்று அக்கா சிறிசின் முன்னங்காலை விரலிடையில் பிடித்தாள். தீக்குச்சி கனம்கூட இல்லை. எவ்வளவு அழுத்துகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒடித்துவிடுவோமோ என்று தோன்றியது. ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். "என்னால முடியாது பாப்பா."

தையல் மெஷின் சத்தம் ஓய்ந்தது. நாத்தனார் வந்து எதிரே உட்கார்ந்தாள். "கொஞ்சம் தள்ளுங்க." ஒரு நாளும் தொடாத அந்தக் கல்லை இடக்கையில் எடுத்தாள். கட்டை விரலால் காலை வெளியே வரவழைத்து, மடிப்புத் தோலில் ஊசியை நுழைத்து, அழுத்தி, எடுத்தாள். முப்பது வருடமாகத் துணியில் ஊசி ஏற்றிய கை. சிறிசு காலை இழுத்துக்கொண்டது, அவ்வளவுதான். நாத்தனார் எழுந்துபோய் வாசல் பக்கம் திரும்பி நின்று இரண்டு மூன்று பெருமூச்சு விட்டாள்.

சலவைக்கூடத்தில் விரிப்புகள் வந்துகொண்டேதான் இருந்தன. மடிப்பு மேஜையில் இருந்தவள் வழக்கம்போல, "அக்கா, எவ்வளவு?" என்று கேட்டாள். அக்கா கையில் இருந்த நுனியைப் பார்த்தாள். "டயலப் பாருடி" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். மறுநாளும் அதையே சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாவது ஊசி அன்றைக்குச் சிறிசு நாற்பத்தாறு. இலையைத் திரும்பிப் பார்க்கவில்லை. செம்பருத்திப் பூவின் இதழைக் கிள்ளி மூக்கின் முன் ஆட்டினாலும் கண்ணைத் திறந்து, பார்த்து, மூடிக்கொண்டது. மூக்குக் குமிழி மட்டும் பெரிதாகாமல் இருந்தது. ஊசி போட்டு முடிந்து, குஞ்சைப் பெட்டியில் விட்டு, இருவரும் வரிசையாகக் கையைக் கழுவும்போது அக்கா குழாயைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எனக்குத் தெரிஞ்சுது பாப்பா."

நாத்தனார் சோப்பை வைக்காமல் நின்றாள்.

"அவரு இருமறது பெயிண்டுத் தூசின்னு எல்லார்கிட்டயும் நான்தான் சொன்னேன். ஆனா தெரிஞ்சுது. வேலை பாக்கறது ஆஸ்பத்திரியில. எப்படித் தெரியாம இருக்கும்? எத்தனையோ விரிப்பு வருது, எத்தனையோ கறை. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனா வாயத் தெறந்து சொல்லிடுவாரேன்னு பயம். சொல்லாத வரைக்கும் அது இல்லன்னு..." தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "பயந்துதான் போகல. அலட்சியமா இல்ல. பயம்."

நாத்தனார் கையை நீட்டிக் குழாயை மூடினாள்.

"நானும் இதே வீட்டுலதான இருந்தேன்" என்றாள். "எனக்கு மட்டும் காது கேக்கலையா அண்ணி? அவரு இருமறப்ப மெஷினை வேகமா மிதிப்பேன்."

ஒரே துண்டின் இரண்டு முனையில் இருவரும் கையைத் துடைத்துக்கொண்டார்கள்.

நாலாவது ஊசி. நாற்பத்தைந்து. மூக்கு காய்ந்துவிட்டது, கண் இரண்டும் திறந்தன, வாயை மூடி மூச்சு விட்டது. ஆனால் தின்னவில்லை. கடைசி ஊசி. நாற்பத்து நாலு. தொலைபேசியில் மருத்துவர், "இன்னும் ரெண்டு நாள் பாருங்க. அப்புறம் எடுத்துட்டு வாங்க" என்றார். எடுத்துக்கொண்டு வந்தால் என்ன என்பதை அவரும் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. நாத்தனார்தான் தொலைபேசியை வாங்கிக் கேட்டாள்: "குழாய் வெச்சா பொழைக்குமா டாக்டர்?" பதிலைக் கேட்டுக்கொண்டு வைத்தாள். அக்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சொல்லாத" என்றாள்.

பதினாலாவது நாள் காலை. தராசை எடுக்கவே அக்காவுக்குத் துணிவில்லை. குளியல் முடிந்து, துடைத்து, சிறிசைச் சூட்டு விளக்கின் கீழ் விட்டாள். ஜன்னலுக்கு வெளியே நிற்கும் செம்பருத்தியில் கொழுந்தாக ஓர் இலை கிள்ளி வந்தாள். மருத்துவர் சொன்னபடி பொடியைக்கூடத் தூவாமல் அதன் முன்னால் வைத்தாள். இரண்டு வாரமாக ஒவ்வொரு இலையையும் அப்படித்தான் வைத்து, பக்கத்திலேயே குனிந்து கண்ணிமைக்காமல் காத்திருந்தாள். ஒவ்வொரு இலையையும் வாடிய பிறகு அவளேதான் எடுத்தெறிந்தாள்.

அன்றைக்கு அவளால் முடியவில்லை. எழுந்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"நீ பாரு பாப்பா. நான் பாக்கல."

நாத்தனார் மெஷினை விட்டு எழுந்து வந்து பெட்டியருகே உட்கார்ந்தாள். விளக்கு மெல்ல ரீங்கரித்தது. தெருவில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அக்கா சுவரில் இருந்த ஆணித் துளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டுவதா கழிப்பதா என்று தெரியாத ஏதோ ஒன்றை மனம் எண்ணிக்கொண்டிருந்தது.

"என்ன பண்ணுது?"

"நடக்குது."

"எந்தப் பக்கம்?"

"பேசாம இருங்க அண்ணி."

அப்புறம் மிகச் சின்னதாக ஒரு சத்தம். நூலைப் பல்லால் கடித்து அறுப்பது போல. அக்காவின் தோள்கள் விறைத்தன.

"அண்ணி, திரும்புங்க."

"நீ சொல்லு."

"தின்னுது அண்ணி. திரும்பிப் பாருங்க. ரெண்டாவது வாய்."

அவள் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே ஒரு கையைப் பின்னால் நீட்டினாள். பெட்டிக்குள்ளிருந்து அந்த இலையின் கடிபட்ட ஓரத்தை நாத்தனார் மெல்லக் கிள்ளி எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தாள். அக்கா கையை முன்னால் கொண்டுவந்து பார்த்தாள். பச்சை விளிம்பில், பிறை போல, சுண்டுவிரல் நகத்தில் பாதியளவுக்கு ஒரு கடி. அதை ஒட்டி அரைகுறையாக இன்னொன்று. பார்த்தாள். இன்னொரு கையைக் கொண்டுவந்து, யாரும் வந்து பிடுங்கிக்கொண்டு போய்விடாதபடி, அதன் மேல் இறுக்கி மூடிக்கொண்டாள்.